தக்காளிக்குள் ஊதா: செடியில் பாலிபீனாலைக் கூட்டும் மரபணு வேலை, படிப்படியாக

ஒரு கத்திரிக்காயை நறுக்குங்கள். தோல் ஊதா, சதை வெள்ளை. நறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் போடாமல் ஐந்து நிமிடம் வைத்தால் வெள்ளைச் சதை பழுப்பேறிவிடும். இந்த இரண்டிலும் பாலிபீனால் என்ற செடிப் பொருள்தான் வேலை செய்கிறது. தோலின் ஊதா, அந்தோசயனின். சதை கறுப்பதற்குக் காரணம் குளோரோஜெனிக் அமிலம். கத்தி பட்டதும் உடைந்த செல்களிலிருந்து அது வெளியே வந்து, நொதியோடும் காற்றோடும் சேர்ந்து நிறம் மாறுகிறது.

தோல் செல்லிலும் சதை செல்லிலும் இருப்பது அதே டிஎன்ஏ. ஊதா நிறத்தைச் செய்யத் தேவையான மரபணு எல்லாம் சதையிலும் இருக்கிறது. ஆனால் அங்கே அதற்கான சுவிட்ச் போடப்படவில்லை. செடியில் நன்மை தரும் பாலிபீனாலைக் கூட்டும் வேலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது: தொழிற்சாலை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதைச் சரியான இடத்தில், சரியான நேரத்தில் ஓட வைக்கும் சுவிட்சைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல பாடம், இங்கிலாந்தின் நாரிச் நகரில் உள்ள ஜான் இன்னஸ் மையத்தில் கேத்தி மார்ட்டின் குழு உருவாக்கிய ஊதாத் தக்காளி. 2008இல் ஆய்வாக வெளிவந்தது. 2024இல் அமெரிக்காவில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு விதையாக விற்பனைக்கு வந்தது. அந்தத் தக்காளியை வழிகாட்டியாக வைத்தே எல்லாப் படிகளையும் சொல்கிறேன். உயிரித் தொழில்நுட்பம் படிக்கிற மாணவர்களையும், திசு வளர்ப்புக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மற்றவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

முதல் படி: எந்தப் பொருள், எந்தச் செடி, எந்தப் பகுதி

"பாலிபீனாலைக் கூட்டப் போகிறேன்" என்று மட்டும் சொன்னால் வேலை தொடங்காது. பாலிபீனால் என்பது ஒரு பெரிய குடும்பம். நாவல் பழத்திலும் கருப்புத் திராட்சையிலும் இருக்கும் அந்தோசயனின், வெங்காயத்தில் இருக்கும் குவெர்செட்டின் போன்ற பிளேவனால்கள், தேயிலையின் கேட்டச்சின்கள், சோயாவின் ஐசோபிளேவோன்கள், திராட்சைத் தோலின் ரெஸ்வெராட்ரால், காபிக் கொட்டையின் குளோரோஜெனிக் அமிலம் எல்லாமே இதற்குள் வரும். தொடக்கம் பொதுவானாலும் ஒவ்வொன்றுக்கும் தனிக் கிளைப் பாதை, தனி நொதி, தனிச் சுவிட்ச்.

செடியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். மக்கள் இதைத் தினமும் சாப்பிடுகிறார்களா? இந்தச் செடியில் மரபணுவைச் செலுத்தி முழுச் செடியாக வளர்க்கும் முறை கைவசம் இருக்கிறதா? புளூபெர்ரியில் அந்தோசயனின் நிறைய உண்டு, ஆனால் விலை அதிகம், பலருக்குக் கிடைப்பதில்லை. தக்காளியோ உலகம் முழுக்கச் சமையலறையில் இருக்கிறது. தக்காளிக்குத் திசு வளர்ப்பு முறையும் 1980களிலிருந்தே நன்றாகத் தெரிந்த ஒன்று.

பகுதி என்பதும் முக்கியம். கருப்பு கவுனி அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கருமை எல்லாம் தவிட்டு அடுக்கில் இருக்கிறது. நன்றாகத் தீட்டினால் நிறமும் அதோடு போய்விடும். சீனாவில் லியூ யாவ்குவாங் குழு 2017இல் இதற்காகவே 8 மரபணுக்களை ஒன்றாகச் செலுத்தி, தீட்டிய பிறகும் ஊதாவாக இருக்கும் அரிசியை உருவாக்கியது. அரிசியின் உள்பகுதியிலேயே அந்தோசயனின் சேர்ந்தது. எந்தப் பகுதியைச் சாப்பிடுகிறோமோ அங்கே சேர வேண்டும். இதை முதல் நாளே தீர்மானித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: பாதையை மனப்பாடம் செய்யுங்கள்

இந்த ஒரு இடத்தில் மனப்பாடம்தான் வழி. நான் சுவரில் ஒட்டி வைத்துப் படித்தேன்.

தொடக்கம் பினைல்அலனின் என்ற அமினோ அமிலம். பினைல்அலனின் அமோனியா லையேஸ் என்ற நொதி அதிலிருந்து அமோனியாவைக் கழற்றிச் சின்னமிக் அமிலமாக மாற்றுகிறது. இன்னும் இரண்டு நொதிகள் சேர்ந்து அதைக் குமராயில்-கோஏ ஆக்குகின்றன. இது ஒரு பெரிய சந்திப்பு. இங்கிருந்து லிக்னினுக்கு ஒரு பாதை, குளோரோஜெனிக் அமிலத்துக்கு ஒரு பாதை, பிளேவனாய்டுக்கு ஒரு பாதை பிரிகின்றன.

பிளேவனாய்டுப் பாதையின் வாசலில் நிற்பது சால்கோன் சிந்தேஸ். ஒரு குமராயில்-கோஏவோடு மூன்று மலோனைல்-கோஏவைச் சேர்த்து நாரிஞ்செனின் சால்கோனைச் செய்கிறது. அடுத்து சால்கோன் ஐசோமரேஸ் அதை நாரிஞ்செனின் ஆக்கும். அப்புறம் ஹைட்ராக்சில் குழுக்களைச் சேர்க்கும் நொதிகள் வருகின்றன. எத்தனை குழு சேர்கிறது என்பதைப் பொறுத்துக் கடைசி நிறம் மாறும். ஒரே வளையத்தில் மூன்று ஹைட்ராக்சில் சேர்ந்தால் டெல்பினிடின் வகை, அதாவது நீலம் கலந்த ஊதா. கடைசியில் சர்க்கரை ஒட்டி, செல்லின் வாக்குவோல் என்ற சேமிப்புப் பைக்குள் கொண்டுபோய்ச் சேமிக்கப்படும். சர்க்கரை ஒட்டுவது வெறும் அலங்காரம் இல்லை. அது இல்லாவிட்டால் அந்தோசயனின் நிலைத்து நிற்காது.

இதில் தக்காளிக்கென்று ஒரு தனிக் குணம் இருக்கிறது. சாதாரணத் தக்காளித் தோலை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் இலேசான மஞ்சளாகத் தெரியும். அது நாரிஞ்செனின் சால்கோன். அதாவது பாதை தொடங்கி, இரண்டாவது நொதியில் வந்து தேங்கிக் கிடக்கிறது. சதையிலோ பாதை ஏறக்குறைய ஓடவே இல்லை.

மூன்றாம் படி: நொதியா, சுவிட்சா?

எல்லாத் தவறும் இங்கேதான் நடக்கும் என்பதால் இதில் கொஞ்சம் நிற்போம்.

முதலில் தோன்றுகிற யோசனை, தேங்கி நிற்கும் இடத்தில் நொதியைக் கூட்டுவது. 2001இல் யூனிலீவர் ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். பெட்டூனியாப் பூவின் சால்கோன் ஐசோமரேஸ் மரபணுவைத் தக்காளியில் வைத்தார்கள். தோலில் பிளேவனால் 78 மடங்கு வரை கூடியது. பெரிய வெற்றிதான். ஆனால் அது தோலில் மட்டும். சதையில் வாசல் நொதியே இல்லாதபோது இரண்டாவது நொதியைக் கூட்டி என்ன பயன்?

அடுத்த யோசனை, ஒவ்வொரு நொதியாகக் கூட்டாமல் எல்லா நொதி மரபணுக்களையும் ஒன்றாகத் தூண்டும் மேலாளரைக் கொண்டுவருவது. படியெடுத்தல் காரணி என்று பாடநூலில் படித்திருப்போம். அந்தோசயனின் செய்வதில் அது தனியாளாக வேலை செய்வதில்லை. மிப் வகைப் புரதம் ஒன்று, பிஎச்எல்எச் வகைப் புரதம் ஒன்று, டபிள்யூடி40 வகை ஒன்று என மூன்றும் கைகோத்து மரபணுவின் முன்பகுதியில் உட்கார்ந்தால்தான் சுவிட்ச் விழும்.

2002இல் மக்காச்சோளத்தின் இரண்டு சுவிட்ச் மரபணுக்களைத் தக்காளியில் வைத்துப் பார்த்தார்கள். சதையிலும் கேம்ஃபெரால் என்ற பிளேவனால் கூடியது. ஆனால் பழம் ஊதாவாகவில்லை. அந்தச் சுவிட்சுகள் தக்காளியின் பெரும்பாலான நொதிகளை எழுப்பின, மூன்றாவது ஹைட்ராக்சிலைச் சேர்க்கும் நொதியை மட்டும் பழத்தில் போதிய அளவு எழுப்பவில்லை. தக்காளியில் அதற்கு அடுத்த நொதியோ மூன்று ஹைட்ராக்சில் உள்ள பொருளைத்தான் ஏற்கும். சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி விட்டுப்போனதால் கடைசி வரை போக முடியவில்லை.

கேத்தி மார்ட்டின் குழு ஸ்னாப்டிராகன் பூவிடம் போனது. அந்தப் பூவின் நிறத்தை அவர் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தவர். அதிலிருந்து இரண்டு மரபணுக்களை எடுத்தார்கள். ஒன்று ரோசியா1, மிப் வகை. இன்னொன்று டெலைலா, பிஎச்எல்எச் வகை. டெலைலா பழுதான ஸ்னாப்டிராகனில் பூவின் குழல் பகுதி வெளிறிவிடும். மூன்றாவது கூட்டாளியான டபிள்யூடி40 தக்காளியிலேயே இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து அந்த விட்டுப்போன கண்ணியையும் எழுப்பின. பழம் தோலிலிருந்து நடுப்பகுதி வரை ஊதாவானது. ஒரு கிராம் பழத்தில் சராசரியாக 2.8 மி.கி. அந்தோசயனின். புளூபெர்ரிக்கும் பிளாக்பெர்ரிக்கும் இணையான அளவு.

ஆகவே சுவிட்சைத் தேர்ந்தெடுக்கும்போது "இது பலமானதா" என்று மட்டும் பார்க்காதீர்கள். நீங்கள் வைக்கப்போகும் செடியில் எந்தக் கண்ணி தூங்குகிறது, அதை இந்தச் சுவிட்ச் எழுப்புமா என்று பாருங்கள். அதற்கு முன்கூட்டியே பழத்தின் ஆர்என்ஏவை எடுத்து, பாதையின் ஒவ்வொரு மரபணுவும் எவ்வளவு படியெடுக்கப்படுகிறது என்று அளந்து ஓர் அட்டவணை போட்டுவிடுங்கள். ஒரு மாத வேலை. பின்னால் இரண்டு வருடத்தை மிச்சப்படுத்தும்.

பிளேவனால்தான் வேண்டும் என்றால் ஆய்வுக்கூடங்களின் மாதிரிச் செடியான அராபிடாப்சிஸின் மிப்12 என்ற சுவிட்சைப் பாருங்கள். அதே நாரிச் குழு 2015இல் அதைத் தக்காளியில் வைத்தபோது இந்தக் குடும்பப் பொருள்கள் பழத்தின் உலர் எடையில் 10 விழுக்காடு வரை போயின. அந்தச் சுவிட்ச் பிளேவனாய்டுப் பாதையை மட்டும் திறப்பதில்லை, பினைல்அலனினுக்கு முந்தைய அடிப்படைப் பாதையையும் திறந்து மூலப்பொருளை உள்ளே தள்ளுகிறது. அதோடு திராட்சையின் ஸ்டில்பீன் சிந்தேஸைச் சேர்த்தபோது ரெஸ்வெராட்ரால் கிடைத்தது. ஒரு தக்காளியில் 50 பாட்டில் சிவப்பு ஒயினுக்குச் சமமான அளவு என்று கணக்குச் சொன்னார்கள்.

நான்காம் படி: எப்போது, எங்கே என்று சொல்லும் புரமோட்டர்

மரபணுவுக்கு முன்னால் இருந்து "இங்கே, இப்போது படியெடு" என்று சொல்லும் பகுதிதான் புரமோட்டர். எல்லா ஆய்வுக்கூடத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது காலிஃபிளவர் மொசைக் வைரஸின் 35எஸ். அது செடி முழுக்க, எல்லா நேரமும் ஓடும். வேர், இலை, தண்டு எல்லாம் ஊதாவானால், ஒளிச்சேர்க்கைக்கும் வளர்ச்சிக்கும் போக வேண்டிய கார்பன் நிறமியாகிவிடும். செடி குன்றிப்போகலாம், காய்ப்பு குறையலாம்.

ஊதாத் தக்காளியில் பயன்பட்டது ஈ8 என்ற தக்காளியின் சொந்தப் புரமோட்டர். பழம் பழுக்கத் தொடங்கி எத்திலீன் கூடும்போதுதான் அது விழிக்கும். அதனால் செடி பச்சையாக வளர்ந்து, பூத்து, காய்த்து, காய் முழு அளவுக்கு வந்த பிறகே ஊதா தொடங்கும். செடிக்குச் சுமையே தெரியாது. கிழங்கு என்றால் கிழங்குக்கான புரமோட்டர், நெல் என்றால் மணியின் உள்பகுதிக்கான புரமோட்டர் தேடுங்கள்.

ஐந்தாம் படி: கட்டுமானம்

இது சட்டென்று முடியும் வேலை. பைனரி வெக்டர் என்ற வளைய டிஎன்ஏவில் இடது எல்லை, வலது எல்லை என இரண்டு அடையாளங்கள் இருக்கும். அவற்றுக்கு நடுவில் இருப்பது மட்டுமே செடிக்குள் போகும். அந்த இடைவெளியில் புரமோட்டர், சுவிட்ச் மரபணு, முடிவுக்குறி என்ற வரிசையில் இரண்டு தொகுதிகள், கூடவே கனாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணு ஒன்று. இப்போது மரபணுவைச் செயற்கையாகச் செய்து வாங்கிவிடலாம், பூவிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியதில்லை. வாங்கியதும் முழுவதன் டிஎன்ஏ எழுத்து வரிசையையும் ஒருமுறை படித்துச் சரிபாருங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

பிறகு வளையத்தை மின்னதிர்வு மூலம் அக்ரோபாக்டீரியத்துக்குள் செலுத்துங்கள். இந்த மண் பாக்டீரியா இயற்கையிலேயே தன் டிஎன்ஏவைச் செடிக்குள் செலுத்திக் கட்டி உண்டாக்கும் பழக்கம் உடையது. கட்டி உண்டாக்கும் மரபணுக்களை நீக்கிய வகையைத்தான் நாம் பயன்படுத்துகிறோம்.

ஆறாம் படி: செடிக்குள் செலுத்துவது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பொறுமையும் சுத்தமும் மட்டுமே இங்கே திறமை.

மைக்ரோ-டாம் என்ற குட்டை ரகத்தில் தொடங்குங்கள். ஒரு சின்னத் தொட்டியில் வளரும், ஏறக்குறைய மூன்று மாதத்தில் பழம் தரும். விதையை 70 விழுக்காடு எத்தனாலில் ஒரு நிமிடம், பிறகு நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 10 நிமிடம் வைத்து, கிருமி நீக்கிய தண்ணீரில் நான்கைந்து முறை அலசுங்கள். வளர்ப்பு ஊடகம் 1962இல் முராஷிகியும் ஸ்கூக்கும் கொடுத்த எம்எஸ் ஊடகம்தான். லிட்டருக்கு சுமார் 4.4 கிராம் தூள், 30 கிராம் சர்க்கரை, 8 கிராம் அகார், பி.எச். 5.8. முளைக்க வைக்க அதில் பாதிச் செறிவு போதும்.

ஏழிலிருந்து பத்து நாளில் இரண்டு வித்திலைகளும் விரிந்திருக்கும். நடுவில் உண்மையான இலை எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் வெட்ட வேண்டும். இது ஓரிரு நாள் சாளரம். தவறினால் தளிர் வரும் விகிதம் வெகுவாகக் குறைந்துவிடும். கூரான பிளேடால் இரு முனையையும் வெட்டிவிட்டு நடுத்துண்டை எடுங்கள். வெட்டும்போது அழுத்தாதீர்கள், இழுங்கள். நசுங்கிய ஓரம் பழுப்பாகிச் செத்துவிடும். கத்திரிக்காயில் பார்த்த அதே பழுப்பு.

அக்ரோபாக்டீரியத்தை இரவு முழுக்க வளர்த்து, 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 0.4 முதல் 0.5 வரை வருமாறு எம்எஸ் நீரில் கரையுங்கள். 100 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன் சேருங்கள். அது காயம்பட்ட செடி வெளிவிடும் ஒரு பீனால் பொருள். அதை உணர்ந்துதான் பாக்டீரியா தன் வேலையைத் தொடங்கும். துண்டுகளை அதில் 10 நிமிடம் போட்டு எடுத்து, கிருமி நீக்கிய ஒற்றுத்தாளில் ஒற்றி, ஊடகத்தில் வைத்து இரண்டு நாள் இருட்டில் விடுங்கள்.

மூன்றாம் நாள் மாற்று ஊடகம். எம்எஸ்ஸோடு லிட்டருக்கு 1 முதல் 2 மி.கி. சியாட்டின் தளிர் வர, 100 மி.கி. கனாமைசின் மரபணு ஏறாத செல்களை அழிக்க, 320 மி.கி. டைமென்டின் பாக்டீரியாவைக் கொல்ல. இந்த மூன்றையும் ஆட்டோகிளேவுக்கு (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) பிறகு, குடுவையைக் கையால் பிடிக்க முடிகிற சூட்டுக்கு வந்ததும் வடிகட்டிச் சேருங்கள். சூடாக இருக்கும்போது ஊற்றினால் ஆன்டிபயாடிக் வீணாகிவிடும்.

நான் முதல் முறை செய்தபோது பழைய டைமென்டின் கரைசலைப் பயன்படுத்தினேன். பலமுறை உறைய வைத்து உருக்கியது. நான்காம் நாள் காலையில் தட்டுகளைத் திறந்தபோது ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் பால் ஆடை மாதிரி ஒரு வளையம். 60 தட்டுகளையும் ஆட்டோகிளேவில் போட்டுவிட்டு மறுபடி விதையிலிருந்து தொடங்கினேன். அதிலிருந்து கரைசலைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, தேதி எழுதி, ஒருமுறை உருக்கியதை மறுபடி உறைய வைப்பதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். வெட்டிய ஓரத்தில் காலஸ் என்ற பச்சைச் செல் கட்டி வரும், அதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் தளிர் எழும். ஒரு சென்டிமீட்டர் ஆனதும் அடியில் காலஸ் ஒட்டாமல் வெட்டி, கனாமைசினை 50 மி.கி.யாகக் குறைத்த வேர் ஊடகத்தில் நடுங்கள். கனாமைசினுக்கு நடுவே வேர் விடுகிற தளிர் பெரும்பாலும் உண்மையானது.

ஒரு காலஸ் கட்டியிலிருந்து ஒரே ஒரு தளிரை மட்டும் எடுங்கள். ஒரே கட்டியின் ஐந்து தளிரும் ஒரே மரபணு ஏற்றத்தின் நகல்களாக இருக்கலாம். அவற்றை ஐந்து தனி வரிசைகளாக, அதாவது தனித்தனியாக மரபணு ஏறிய ஐந்து வம்சங்களாக எண்ணிவிட்டால் பின்னால் வரும் எல்லாப் புள்ளிவிவரமும் பொய்.

ஏழாம் படி: உண்மையிலேயே ஏறியதா?

வேர் விட்ட செடியைத் தொட்டிக்கு மாற்றி, ஒரு வாரம் பிளாஸ்டிக் மூடிக்குள் வைத்து மெல்ல வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். ஓர் இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து, குறிப்பிட்ட பகுதி இருக்கிறதா என்று காட்டும் பிசிஆர் சோதனையைச் செய்யுங்கள். சுவிட்ச் மரபணுவுக்கு ஒரு பிசிஆர், வெக்டரின் எல்லைக்கு வெளியே உள்ள பகுதிக்கு ஒன்று. இரண்டாவதில் பட்டை தெரிந்தால், இலைக்குள் பாக்டீரியா இன்னும் ஒளிந்திருக்கலாம், அல்லது எல்லையைத் தாண்டி வெக்டரே ஏறியிருக்கலாம். இரண்டுமே வேண்டாதவை.

ஈ8 பழத்தில் மட்டும் ஓடுவதால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. காத்திருக்க வேண்டும். காய் பச்சையாகவே இருக்கும், முழு அளவுக்கு வரும், வெளிறும். வழக்கமான தக்காளி ஆரஞ்சு காட்டும் அந்தக் கட்டத்தில் இது பழுப்பு கலந்த ஊதா காட்டும், சில நாளில் கருமையாகிவிடும். உள்ளே நறுக்கிப் பார்த்தால் விதையைச் சுற்றியுள்ள சதை வரை ஊதா. மாதக்கணக்கில் பிசிஆர் பட்டைகளை மட்டுமே பார்த்தவர்களுக்கு அந்த வெட்டுமுகம் தரும் மகிழ்ச்சியை எழுதிக் காட்ட முடியாது.

குறைந்தது பத்துத் தனி வரிசைகளாவது வையுங்கள். மரபணு குரோமோசோமில் எங்கே போய் உட்கார்ந்தது என்பதைப் பொறுத்து ஒன்று கருப்பாகவும் ஒன்று திட்டுத்திட்டாகவும் வரும். விதையெடுத்துக் கனாமைசின் ஊடகத்தில் முளைக்க வையுங்கள். 40 விதையில் ஏறக்குறைய 30 பச்சையாக நின்று 10 வெளிறிப்போனால், மரபணு ஓரிடத்தில் மட்டும் ஏறியிருக்கிறது என்று பொருள். அந்தப் பச்சைச் செடிகளின் அடுத்த தலைமுறையில், எல்லா விதையும் பச்சையாக முளைக்கிற செடியைத் தேடிப் பிடியுங்கள். அதுதான் நிலையான வரிசை. சதர்ன் பிளாட் என்ற டிஎன்ஏ சோதனை செய்து, மரபணு எத்தனை நகல் ஏறியது என்ற எண்ணிக்கையை உறுதிசெய்யுங்கள்.

எட்டாம் படி: அளப்பது

நிறத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு எண் சொல்லக் கூடாது. மொத்தப் பாலிபீனாலுக்கு ஃபோலின்-சியோகால்டு சோதனை எளிது, ஆனால் வைட்டமின் சியும் அதில் நிறம் கொடுக்கும். தக்காளியில் வைட்டமின் சி உண்டு. அதனால் அந்த எண்ணை மட்டும் நம்பி ஆய்வறிக்கை எழுதாதீர்கள்.

அந்தோசயனினுக்கு பி.எச். வேறுபாட்டு முறை நல்லது. அந்தோசயனின் பி.எச். 1.0இல் நல்ல சிவப்பாகவும் பி.எச். 4.5இல் ஏறக்குறைய நிறமில்லாமலும் இருக்கும். பழத்தைத் திரவ நைட்ரஜனில் பொடித்து, 1 கிராம் எடுத்து, 1 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த 10 மி.லி. மெத்தனாலில் இருட்டில், குளிரில் ஊற வையுங்கள். தெளிந்த சாற்றை இரண்டு பி.எச். கரைசலிலும் 10 மடங்கு நீர்த்து, 520 நானோமீட்டரிலும் 700 நானோமீட்டரிலும் உட்கவர்வை அளங்கள். ஒவ்வொரு பி.எச்.சிலும் 520இன் அளவிலிருந்து 700இன் அளவைக் கழியுங்கள். பிறகு பி.எச். 1.0இன் விடையிலிருந்து பி.எச். 4.5இன் விடையைக் கழியுங்கள்.

அது 0.6 என்று வைத்துக்கொள்வோம். 0.6 × 449.2 × 10 × 1000 ÷ 26,900 = ஏறத்தாழ 100. அதாவது சாற்றில் லிட்டருக்கு 100 மி.கி. நம் சாறு 10 மி.லி., அதில் 1 மி.கி. ஆக ஒரு கிராம் பழத்துக்கு 1 மி.கி. இங்கே 449.2, 26,900 இரண்டும் சயனிடின்-3-குளுக்கோசைடுக்கான எண்கள். ஊதாத் தக்காளியில் இருப்பது டெல்பினிடின் வகை. அதனால் "சயனிடின்-3-குளுக்கோசைடு அளவீட்டில்" என்று கட்டாயம் எழுதுங்கள். என்னென்ன அந்தோசயனின் என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் கலவையைப் பிரிக்கும் எச்பிஎல்சியும், மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறைமாலைமானியும் வேண்டும்.

மரபணு மாற்றாத அதே ரகத்தின் பழத்தை, அதே நாளில், அதே பழுத்த கட்டத்தில் அளந்து ஒப்பிடுங்கள்.

ஒன்பதாம் படி: கூடியதால் என்ன பயன்?

செடிக்கும் வியாபாரிக்கும் பயன் இருப்பது தெளிவு. 2013இல் வந்த ஆய்வில் ஊதாத் தக்காளி சிவப்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நாள் கெடாமல் இருந்தது. பழுத்துக் குழைவதும் தாமதமானது, சாம்பல் பூசணமும் குறைவாகப் பரவியது. பழம் அழுகி மூட்டை மூட்டையாகக் கொட்டப்படுவதைச் சந்தையில் பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

உடல்நலம் பற்றி எச்சரிக்கையோடு பேச வேண்டும். 2008 ஆய்வில், புற்றுநோய் எளிதில் வரும்படியான எலிகளுக்கு உணவில் 10 விழுக்காடு ஊதாத் தக்காளித் தூள் கொடுத்தபோது, சராசரி ஆயுள் 142 நாளிலிருந்து 182 நாளாகக் கூடியது. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் எலிகளின் எண்ணிக்கை சிறியது, அதுவும் ஒரு தனி வகை எலி. அதை வைத்து மனிதருக்குப் புற்றுநோய் வராது என்று யாராவது எழுதினால் அது தவறு. நம் வேலையின் மேல் மக்களுக்கு இருக்கும் சந்தேகம் இப்படிப்பட்ட வாக்கியங்களால்தான் வளர்கிறது.

பத்தாம் படி: சட்டமும், வேறு வழிகளும்

நாரிச் தக்காளி 2008இல் பழுத்தது. அமெரிக்க வேளாண் துறை அனுமதித்தது 2022 செப்டம்பரில், உணவு மருந்து நிர்வாகத்தின் கலந்தாய்வு முடிந்தது 2023இல். 2024 தொடக்கத்தில் 10 விதை 20 டாலருக்கு விற்றார்கள். பதினாறு வருடம். ஆய்வு தொடங்கும்போதே இந்தக் கால அளவை மனதில் வையுங்கள்.

இந்தியாவில் 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வுக்கூடத்துக்குள் செய்வதற்கே நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் மரபணு மாற்ற ஆய்வுக் குழு, வயலுக்கும் சந்தைக்கும் போக மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு. பூச்சியைத் தாங்க மரபணு மாற்றிய பிடி கத்திரிக்காய் அந்தக் கடைசிக் குழுவைத் தாண்டிய பிறகும் 2010 பிப்ரவரியில் நிறுத்தி வைக்கப்பட்டது நினைவிருக்கும். அமெரிக்காவிலிருந்து அந்த ஊதாத் தக்காளி விதையைத் தபாலில் வரவழைத்து மாடித்தோட்டத்தில் போடுவதும் சட்டவிரோதமே. தயவுசெய்து செய்யாதீர்கள்.

2022 மார்ச்சில் ஒரு கதவு திறந்தது. வெளி மரபணு எதையும் மிச்சம் வைக்காமல், செடியின் சொந்த மரபணுவில் சிறு திருத்தம் மட்டும் செய்த மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு அந்தக் கடுமையான விதிகளின் முக்கியப் பகுதிகளிலிருந்து விலக்கு கிடைத்தது. பாலிபீனாலுக்கு இது நேரடியாகப் பொருந்தும். தக்காளியில் அந்தோசயனினை அடக்கி வைக்கும் மிப் புரதம் ஒன்று உண்டு. அது பழுதான இயற்கை வகை காட்டுத் தக்காளியில் கிடைத்தது. அதையும், இன்னொரு காட்டுத் தக்காளியின் தூண்டும் மரபணுவையும் வழக்கமான இனக்கலப்பால் சேர்த்து, 2012இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் இண்டிகோ ரோஸ் என்ற ரகத்தை வெளியிட்டது. வெயில் பட்ட தோல் மட்டும் ஊதாவாகும், சதை சிவப்புதான். அந்த அடக்கும் மரபணுவை, கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் நம் ஊர் ரகங்களிலேயே வெட்ட முடியும், ஆனால் தோல் நன்றாக ஊதாவாக அந்தத் தூண்டும் மரபணுவும் சேர வேண்டியிருக்கும். இப்போது தொடங்குகிற மாணவருக்கு நான் காட்டும் வழி இதுதான்.

குழுவின் ஒப்புதல் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. எட்டாம் படிக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. உங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் ஊதா, வரி, பச்சை, வெள்ளைக் கத்திரிக்காய்களில் ஒவ்வொரு வகையிலும் மூன்று காய் வாங்குங்கள். தோலைத் தனியாகவும் சதையைத் தனியாகவும் எடுத்து, ஒவ்வொன்றிலும் 1 கிராம் ஊற வைத்து, அந்தோசயனினை அளந்து எழுதி வையுங்கள். எந்த ரகத்தில் எந்தப் பகுதியில் சுவிட்ச் விழுந்திருக்கிறது, எங்கே விழவில்லை என்ற அட்டவணை உங்களிடம் இருக்கும். ஒப்புதல் வந்த அன்றே எந்தச் செடியை வெட்டுவது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.